பை போய்ச் சேர்ந்தது

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் மதிக்கிற சட்டம் ஒன்றே ஒன்றுதான். காலை எட்டு மணிக்கு விடுதிக் கூடத்தில் இருக்கிற பை போகும், இல்லாத பை போகாது. பத்துக் கட்டளைகளில் ஏழெட்டை மீறியவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதில் இருவர் ஊராட்சி உறுப்பினர்கள். ஆனால் இந்தச் சட்டத்தை மீறியவர் என்று ஒருவர்கூட இல்லை.

விஷயம் இதுதான். எங்கெங்கிருந்தோ மனிதர்கள் வந்து எங்கள் மலையில் ஏழு நாள் நடக்கிறார்கள். வழிகாட்டி கிடையாது. கையில் ஒரு வரைபடம், ஒவ்வொரு மாலையும் ஒரு விடுதி, சூடான சாப்பாடு, மெத்தை, விடிந்தால் மறுபடி மலை. தோளில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் ஒரு பெரிய பையில். அந்தப் பையை வேனில் ஏற்றி, கீழே சாலை வழியாக அடுத்த விடுதியில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அவர்களுக்கு ஆறு மணி நேரம் ஆகிற தூரம் எனக்கு இருபது நிமிடம்.

என் பெயர் ரோமெட். இன்ஸ்ப்ருக் நகரத்தில் சட்டம் படிக்கிறேன். அதாவது மூன்று வருடமாக முதலாண்டுத் தேர்வுகளோடு பழகி வருகிறேன். கோடை விடுமுறையில் ஒட்டிலியா அத்தையின் நடைப்பயண நிறுவனத்தில் வேலை. நிறுவனம் என்பது ஒரு வேன், அத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு தொலைபேசி, பிறகு நான்.

நடக்கிறவர்களை நான் பார்ப்பதே அபூர்வம். நான் பை எடுக்கப் போகும்போது அவர்கள் கிளம்பியிருப்பார்கள். அவர்கள் வந்து சேரும்போது நான் போயிருப்பேன். ஒருவருடைய பையை ஏழு நாள் தூக்கினால் அவருடைய எடை, ஒழுக்கம், மனைவியோடு சண்டை எல்லாம் தெரிந்துவிடும். முகம் மட்டும் தெரியாது.

ஹின்ரிச் லூர்ஸின் முகம் எனக்குத் தெரிந்தது ஒரு தற்செயல். முதல் நாள் காலை, நடை தொடங்குகிற இடத்தில் அவர் பையின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. அவர் படியிறங்கி ஓடி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எழுபத்தொரு வயது, மழித்த கன்னம், வடக்கே கடலோரத்து ஆள். மணல் வாரும் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கனமா இருக்கும் தம்பி. உள்ள பூரா இஸ்திரி போட்ட சட்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழுக்குச் சட்டையோட உக்கார எனக்கு வராது."

"மலை ஏறிப் பழக்கம் உண்டா சார்?"

"எங்க ஊர்ல மேடுன்னா கடலணைதான். அதுல ஆடுதான் ஏறும். இப்போ ஆட்டுக்குப் போட்டியா நான் வந்திருக்கேன்."

"ஆடு ஜெயிச்சா?"

"ஜெயிச்சா அதுக்குச் சட்டையெல்லாம் குடுத்துட்டுப் போறேன்." கைப்பிடியை ஒரு கயிற்றால் கட்டினார். அவிழ்க்கவே முடியாத மாலுமி முடிச்சு. "மகளோட பரிசு இந்த நடை. எழுபது முடிஞ்சதுக்கு. தினமும் சாயந்தரம் போன் பண்ணணும்னு சொன்னா. மூணு நாளைக்கு ஒரு தடவைன்னு பேரம் பேசி முடிச்சிருக்கேன்."

அது ஆகஸ்ட் ஒன்பது. முதல் இரண்டு நாளும் அவர் ஒழுங்காக நடந்தார். ஒழுங்காக நடந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், பை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் பதினொன்றாம் தேதி. அன்று கணவாயைத் தாண்டி இறங்கி, புர்கி அக்காவின் 'கரடி' விடுதிக்கு வர வேண்டும். பகல் இரண்டு மணிக்கு வானம் இருண்டது. இரண்டரைக்கு நான் பையோடு 'கரடி'க்குள் ஓடும்போது மழை கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பையை அவர் அறையில், கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். பட்டியலில் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டேன். வேலை முடிந்தது.

அன்று மாலை ஆறேகாலுக்கு அத்தை வீட்டில் நான் மட்டும் இருந்தேன். தீயணைப்புப் படைத் திருவிழாவுக்குப் போக வேண்டும். பித்தளை வாத்தியக் கோஷ்டி, கொட்டகை, பீர், கூடவே எனக்குப் பதில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பெண். மழை விட்டும் விடாமலும் இருந்தது. நான் பாதிக் கன்னம் மழித்திருந்தபோது தொலைபேசி அடித்தது.

"வணக்கம், என் பேரு வீப்கே லூர்ஸ். எங்கப்பா உங்க வழியில நடந்துட்டிருக்கார். அவரு போனுக்குப் போக மாட்டேங்குது."

"மழை மேடம். மழை வந்தா எங்க ஊரு சிக்னல் போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்துக்கும்."

"அங்க புயல்னு செய்தியில காட்டினாங்க. அவரு போய்ச் சேர்ந்துட்டாரான்னு மட்டும் சொல்லுங்க."

பட்டியல் என் முன்னால் இருந்தது. கோடு போட்டிருந்தது.

"சேர்ந்துட்டார்."

"நிச்சயமா? இன்னொரு போன்ல மீட்புப் படை நம்பரை அழுத்தி வெச்சிருக்கேன். கூப்பிட்டுடலாமான்னு இருக்கு. பைத்தியம்னு நினைக்காதீங்க."

இதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், பை சேர்ந்தது, ஆளைப் பற்றி விடுதியில் கேட்டுச் சொல்கிறேன் என்பது. ஒரு நிமிட வேலை. சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மேடம், நான் கண்ணால பாத்தேன். ஜன்னலோர மேசையில உக்காந்து சூப் குடிச்சிட்டிருக்கார். ரொட்டி உருண்டை போட்ட சூப். ரெண்டாவது கிண்ணம்."

மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ரெண்டாவதா?"

"மூணாவது கேட்டார். புர்கி அக்கா தரல. மத்தவங்களுக்கும் வேணுமில்ல."

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "அவரேதான். கல்யாண வீட்டுலயும் இப்படித்தான் மானத்தை வாங்குவார்."

பொய்க்கு விவரம் கூடக் கூட உயிர் வரும் என்று சாட்சியச் சட்ட வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கல்லூரியில் நான் தூங்காமல் கேட்ட ஒரே வகுப்பு அது.

மறுநாள் காலை வெயிலில் கண் கூசியது. எட்டு மணிக்கு 'கரடி'யின் கூடத்தில் பதினொரு பைகள் வரிசையாக நின்றன. லூர்ஸின் கயிறு கட்டிய பையும் நின்றது. புர்கி அக்கா மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்புர்கா என்பது முழுப்பெயர். ஐம்பது வயது, கணவர் இல்லை, நாற்பது படுக்கைகளுக்குச் சோறு போடுகிற கை.

"அந்தக் கேப்டன் நேத்து வரலடா. மேல குடில்லயே படுத்துட்டார் போல."

கணவாய்க்குக் கீழே ஒரு மலைக்குடில் உண்டு. மழை பிடித்தால் நடப்பவர்கள் அங்கேயே ராத்தங்கிவிட்டு, மறுநாள் அங்கிருந்தே நான்காம் விடுதிக்குப் போய்விடுவார்கள். குடிலில் சிக்னல் கிடையாது. அதனால் யாரும் தகவல் சொல்வதும் கிடையாது, எதிர்பார்ப்பதும் கிடையாது. மழைநாளில் வராத ஒவ்வொருவருக்கும் மீட்புப் படையைக் கூப்பிட்டால் ஹெலிகாப்டர் எங்களுக்கு டவுன் பஸ் ஆகிவிடும்.

"அப்போ பை?" என்றேன்.

"நான்தான் கீழ கொண்டாந்து வெச்சேன். பாவம், இன்னிக்கு அங்க போய் மாத்துச் சட்டை இல்லாம நிப்பாரு. நேத்தே ஈரத்தோட படுத்திருப்பாரு மனுஷன்."

அவர் மகளைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? நான் பார்த்த சூப் நான் பார்க்காத சூப் என்றா? குடிலிலும் சூப் போடுவார்கள். குடித்திருப்பார். கிண்ணம்தான் வேறு. இப்படியாக வழக்கை எனக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொண்டு பையை வேனில் ஏற்றினேன்.

நான்காம் விடுதி பெரியது. நூற்றிருபது படுக்கை, சாவியை உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே யார் வந்தார்கள் என்று கேட்பதை அநாகரிகமாக நினைப்பார்கள். பையை அறையில் வைத்தேன். அன்று மாலை, முந்தின நாளே என் எண்ணை வாங்கி வைத்திருந்த வீப்கேயிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அப்பா இன்னும் கூப்பிடவில்லை. பேரத்தில் கெட்டிக்காரர். நேற்றைய சூப்புக்கு மறுபடி நன்றி.' நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

பதின்மூன்றாம் தேதி காலை அறையைச் சுத்தம் செய்த பெண் கட்டில் கலையாமல் இருப்பதைப் பார்த்தாள். கேப்டன் வேறு அறையில் துணை தேடிக்கொண்டார் என்று முடிவு செய்தாள். மணி ஏழே முக்கால். அவளும் நல்லவள்தான். பையைக் கீழே கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். நான் எடுத்துப் போனேன்.

ஐந்தாம் விடுதி 'கழுகு'. நடத்துகிறவர் கயெட்டான். முசுடு. கடைசி ஆள் வந்து உட்காராமல் சோறு பரிமாற மாட்டார். பசித்தவர்கள் திட்டுவார்கள், இணையத்தில் எழுதுவார்கள், அவர் கேட்க மாட்டார். அன்று மாலை ஏழு மணிக்கு அத்தை வீட்டுத் தொலைபேசியில் அவர் குரல்.

"டேய் ரோமெட். பை வந்திருக்கு. ஆள் எங்கடா?"

"வந்துடுவாரு மாமா."

"எப்போ வருவாரு? இங்க இருபது பேரு ஸ்பூனைக் கையில வெச்சிக்கிட்டு என்னைக் கொல்லலாமான்னு பாத்துட்டிருக்கான். நேத்து எங்க இருந்தாரு?"

"நாலாவது விடுதியில."

"பாத்தியா?"

மூன்று நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்.

"பை இருந்தது."

"பையா வந்து சாப்பிடப் போவுது?" என்றார். பிறகு அவர் குரல் மாறியது. "ரோமெட், அத்தையக் கூப்பிடு."

குடிலுக்கு ஆள் அனுப்பினார்கள். குடில்காரர் அப்படி ஒருவரைப் பார்க்கவே இல்லை. பதினான்காம் தேதி காலை மீட்புப் படையின் நாய் அவரைக் கண்டுபிடித்தது. 'கரடி'யிலிருந்து ஒரு மணி நேர ஏற்றத்தில், பாதை ஓடையைக் கடக்கிற இடத்துக்குக் கீழே. இடுப்பும் இடது காலும் உடைந்திருந்தன. மழைச்சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். ஒரு ஆப்பிள் சாப்பிட்டு, மிச்சத்தைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்த நிலைமையிலும் ஓடையோரத்தில் குப்பை போட அவருக்கு மனம் வரவில்லை.

"உடனே போகல," என்றார் மீட்புப் படைத்தலைவர், படையின் கொட்டகையில் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே. "ஒரு ராத்திரி பூரா இருந்திருக்காரு. குளிருதான். அன்னிக்கே யாராவது கூப்பிட்டிருந்தா கீழ கொண்டாந்திருப்போம்."

எந்த ராத்திரி என்பதுதான் கேள்வி. மூன்றாம் நாள் இறங்கி வருகிற வழியும் நான்காம் நாள் ஏறிப் போகிற வழியும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாதைதான். பதினொன்றாம் தேதி புயலில் இறங்கும்போது விழுந்திருக்கலாம். பன்னிரண்டாம் தேதி வெயிலில் ஏறும்போதும் விழுந்திருக்கலாம். மகளிடம் கேட்டால், அப்பா பதினொன்றாம் தேதி விடுதிக்கு வந்துவிட்டார், நிறுவனத்தில் சொன்னார்கள் என்றார். புர்கி அக்காவிடம் கேட்டார்கள். நாற்பது பேர், மழை, நெரிசல், நினைவில்லை என்றார். பையைத் தானே கீழே கொண்டுவந்த கதையைச் சொன்னால் விடுதியை மூட வேண்டியிருக்கும் என்று அவருக்குப் பயம். என்னிடமும் ஒரு போலீஸ்காரர் கேட்டார்.

"நீ பாத்தியாப்பா?"

"பையை வெச்சேன். பெரும்பாலும் ஆளுங்களப் பாக்க மாட்டேன்."

பெரும்பாலும் என்ற சொல்லுக்காகவே சட்டம் படிக்கலாம். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அறிக்கையில் 'பதினொன்று அல்லது பன்னிரண்டு' என்று போட்டார்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வீப்கே வந்தார். பையை எடுத்துப் போகவும், பலகை வைக்கவும்.

எங்கள் மலையில் ஒருவர் விழுந்து இறந்த இடத்தில் ஒரு சின்ன மரப்பலகை நட்டு, பெயரும் நாளும் எழுதி, இறந்த விதத்தை வண்ணத்தில் வரைந்து வைப்போம். இருநூறு வருடத்துப் பலகைகள்கூட இருக்கின்றன. 'இங்கே விறகுவெட்டி பார்ட்டலை எருது முட்டியது. எருது நலமாக உள்ளது' என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிடித்தது. லூர்ஸ் எங்கள் திருச்சபைக்காரர் இல்லை. அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மலையில் விழுந்தவர் எங்கள் ஆள். பலகை எழுதுகிற ஆல்புயின் மரம் இழைத்து, பெயர் எழுதி, ஓடையும் வரைந்துவிட்டார். தேதியை மட்டும் முடிக்கவில்லை. தேதியின் முதல் எண்ணான ஒன்று மட்டும் இருந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணின் அகலத்துக்கு வெற்று மரம்.

வீப்கே என்னைப் பார்க்க வேண்டும் என்றார். இடம், 'கரடி'. பகல் மூன்று மணி.

நான் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனேன். புர்கி அக்கா பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சூப் கேட்டிருக்கா," என்றார் திரும்பாமல். "அவங்கப்பா குடிச்ச அதே சூப்பு வேணுமாம். வந்ததும் எந்த மேசைன்னு கேட்டா. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஜன்னலோரம்னு அவளே போய் உக்காந்துட்டா. நீ சொன்னியாமே."

"ஆமாக்கா."

"உன் வாயில கொள்ளிக்கட்டைய வெக்க."

"வெக்கலாம்க்கா."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. வெங்காயம் எதுவும் நறுக்கியிருக்கவில்லை. "இப்போ போய் உண்மைய உளறாத. கேட்டுக்கோ. அவளுக்கு மிஞ்சினது அந்த ஒரு கிண்ணம் சூப்புதான். அதையும் புடுங்கிட்டு என்னத்தைக் குடுக்கப் போற? சூப்பை அவளுக்கே விட்டுடுடா."

நான் உள்ளே போனேன். நாற்பது வயதிருக்கும், அப்பாவின் நெற்றி, மேலே பொத்தான் போட்ட இஸ்திரிச் சட்டை. எழுந்து நின்று கை கொடுத்தார்.

"போன்ல குரல் பெரிய ஆள் மாதிரி இருந்தது. நீங்க சின்னப் பையனா இருக்கீங்க."

"குரல் மட்டும்தான் வேலை பாக்கும் மேடம்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "எந்த நாற்காலி?"

நான்கு நாற்காலிகள் இருந்தன. என் கை எழுந்து ஒன்றைக் காட்டியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதற்கு எதிரில் உட்கார்ந்தார். புர்கி அக்கா ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார்.

"நான் நேரா விஷயத்துக்கு வந்துடறேன்," என்றார் வீப்கே. தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தார். "போலீஸ் பேப்பர்ல பதினொண்ணு இல்லன்னா பன்னெண்டுன்னு இருக்கு. பலகை எழுதறவரு, எழுத்துல ஒரு ஆதாரம் இல்லாம தேதி போட மாட்டேங்கறார். நல்ல மனுஷன், ஆனா பிடிவாதம். அன்னிக்கு சாயந்தரம் அவரைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். பாத்தேன்னு நீங்க நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா பன்னெண்டுன்னு ஆயிடும்."

"பன்னெண்டுன்னா..."

"பன்னெண்டுன்னா வெயில். அவரு நல்லா சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சு, காலைல வெயில்ல மலை ஏறியிருக்காரு. அப்புறம் கால் தவறிடுச்சு. அதோட என்னால வாழ முடியும். தினமும் அதைத்தான் நினைச்சுப் பாக்கறேன். ஜன்னல், சூப், மறுநாள் வெயில்." கிண்ணத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார். "பதினொண்ணா இருந்தா அவரு மழையில கிடந்திருப்பாரு. நான் உங்களோட போன்ல பேசிட்டிருந்த நேரத்துல. ஆனா அது இல்லையே. அதான் உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு வந்தேன். அன்னிக்கு நீங்க மட்டும் அப்படிச் சொல்லலேன்னா நான் மீட்புப் படையைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டியிருப்பேன். உங்களால நிம்மதியாத் தூங்கினேன்."

பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

கதவோரத்தில் புர்கி அக்கா எனக்குத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். எழுது, எழுது.

நான் பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். என் விலாசத்தை எழுதினேன். அதுவரைக்கும் எல்லாம் உண்மை. அடுத்த வரிக்கு ஏதாவது வேடிக்கையாகத் தோன்றுமா என்று பார்த்தேன். எனக்கு எப்போதும் தோன்றும். கல்லூரியில் ஒரு சவ ஊர்வலத்தின்போதுகூடத் தோன்றியிருக்கிறது. அன்று ஒன்றும் வரவில்லை.

"பதினொண்ணு," என்றேன்.

"என்ன?"

"பதினொண்ணு மேடம். அவரு இங்க வரவே இல்ல. பை வந்தது. நான் பையை மட்டும்தான் பாத்தேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது மாதிரி.

"சூப்பு?"

"இல்ல."

"ரெண்டாவது கிண்ணம்னு சொன்னீங்களே."

"நானாச் சொன்னது."

"மூணாவது கேட்டாருன்னு..." அங்கே நின்றார். உதடு கொஞ்சம் கோணியது. "அதுக்குத்தான் நான் சிரிச்சேன்."

வெளியே ஒரு டிராக்டர் போயிற்று.

"ஏன்?" என்றார்.

"திருவிழாவுக்குப் போகணும். பாதி ஷேவ் பண்ணியிருந்தேன்."

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் அவருக்குக் கொடுத்திருப்பேன். அவ்வளவுதான் இருந்தது. அவர் தலையசைத்தார்.

"நான் கூப்பிட்டது ஆறேகாலுக்கு. இங்கிருந்து அந்த இடத்துக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். படைக்காரங்கன்னா முக்கா மணி."

"வெளிச்சம் இருந்திருக்கும்."

"எட்டரை வரைக்கும் இருந்தது."

"அவரு அப்போ..."

"இருந்திருக்காரு மேடம். விடியற வரைக்கும் இருந்திருப்பாருன்னு சொன்னாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்திருந்தது. திரும்பாமலே, "எழுதுங்க," என்றார். "இப்போ சொன்னதை அப்படியே."

எழுதினேன். பையை வைத்த நேரம், தொலைபேசி வந்த நேரம், நான் சொன்ன பொய், வார்த்தைக்கு வார்த்தை. என் கையெழுத்து தேர்வுத்தாளில்கூட அவ்வளவு திருத்தமாக இருந்ததில்லை. புர்கி அக்கா மேசைக்கு அருகில் வந்தார். ஏப்ரனில் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அம்மா, என் பேரையும் போடச் சொல்லுங்க. நினைவில்லன்னு போலீஸ்ல சொன்னது பொய்யி. அவரு வரலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். குடில்ல இருப்பாருன்னு நினைச்சேன். மறுநாள் பையைக் கீழ எடுத்து வெச்சது நான்தான். மாத்துச் சட்டை இல்லாம நிப்பாரேன்னு..."

"அதையும் எழுதுங்க," என்றார் வீப்கே என்னிடம். புர்கி அக்காவை அவர் பார்க்கவில்லை.

எழுதினேன். புர்கி அக்கா கையெழுத்துப் போட்டார். நான் போட்டேன். வீப்கே தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் ஆறேகால் என்பதை ஆறு பதினேழு என்று திருத்தினார். தன் போனைப் பார்த்துத்தான் திருத்தினார். அந்த அழைப்பை அவர் அழிக்காமல் வைத்திருந்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே தானே எழுத ஆரம்பித்தார். இரண்டே வரி. எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'மீட்புப் படை எண் என் கையில் தயாராக இருந்தது. நான் அழைக்கவில்லை. பத்தரைக்குத் தூங்கினேன். வீப்கே லூர்ஸ், மகள்.'

"இது வேண்டாம் மேடம்," என்றேன். "இதை அடிச்சிடுங்க. உங்க மேல இதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"நல்லாத் தூங்கினேன்," என்றார். "கனவுகூட வரல."

"மேடம், தயவுசெஞ்சு அடிச்சிடுங்க."

அவர் தாளை எடுத்து, ஓரம் பிசகாமல் நாலாக மடித்து, பலகை எழுதுகிறவரிடம் கொடுக்கப் போனார்.